மரக்கூழ் எதில் கரைந்தது?

சென்ற வாரம் திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் கைக்குழந்தைகளுக்கான பனியன் துணி ஒன்றை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். ‘நூறு சதவீதம் மூங்கில், இரசாயனம் கலக்காதது’ என்று அதன் அட்டையில் அச்சிட்டிருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோது இழையின் நெடுக வரிவரியான பள்ளங்களும், குறுக்குவெட்டில் ரம்பப்பல் போன்ற விளிம்பும் தெரிந்தன. அது விஸ்கோஸ், ஈரோட்டுத் தறிகளில் ரேயான் என்று ஓடுகிறதே, அதே இழை. இதே வாசகத்தோடு எத்தனை துணிகள் வந்துவிட்டன என்று எண்ணுவதையே நான் விட்டுவிட்டேன்.

பருத்தி காயிலேயே இழையாக விளைகிறது. மரத்திலும் மூங்கிலிலும் உள்ள செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளோ, லிக்னின் என்ற பசை போன்ற பொருளோடு இறுகிக் கிடக்கிறது. அதைப் பிரித்துக் கூழாக்கி, வெளுத்து, கரைத்து, நுண்துளைகளின் வழியே பிழிந்தால்தான் மென்மையான நூலிழை கிடைக்கும். செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது, சூட்டில் உருகாது. ஆகவே கரைத்து நூற்கும் எந்த மர இழைக்கும் இரசாயனம் இல்லாமல் வழியே இல்லை. கரைந்து மீண்ட பிறகு மிஞ்சுவது செல்லுலோஸ் மட்டுமே என்பதால், அது மூங்கிலா, யூகலிப்டஸா, பீச் (beech) மரமா என்று வழக்கமான சோதனைகளால் எங்களாலேயே சொல்ல முடிவதில்லை. மூங்கிலுக்கு உண்டு என்று விளம்பரப்படுத்தும் கிருமி எதிர்ப்பும் கூழைக் கரைக்கும் தொட்டியிலேயே போய்விடுகிறது. ரேயானை மூங்கில் என்று விற்ற நிறுவனங்கள் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2009-லேயே நடவடிக்கை எடுத்தது. இன்னமும் நாம் மரத்தின் பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

கேட்க வேண்டியது கரைப்பானை. 1892-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்ற விஸ்கோஸ் முறையில், காஸ்டிக் சோடாவில் ஊறிய கூழோடு கார்பன் டைசல்ஃபைடு என்ற நச்சுத் திரவம் சேர்க்கப்படுகிறது. கந்தக அமிலத் தொட்டியில் இழை உருவாகும்போது அந்தக் கார்பன் டைசல்ஃபைடு மீண்டும் ஆவியாக வெளியேறுகிறது. கூடவே அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவும் வரும். நரம்பையும் இதயத்தையும் கெடுக்கும் கார்பன் டைசல்ஃபைடு ஆவியால் தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலையில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் நோயாளிகளானார்கள். ஆலை 1993-இல் மூடப்பட்டது. விஸ்கோஸ் நூற்புக் கூடம் ஒன்றில் நான் நுழைந்தபோது அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. சற்று நேரத்தில் நாற்றமே தெரியவில்லை. காற்று சுத்தமாகவில்லை, என் மூக்கு மரத்துப் போயிருந்தது. அங்கே வேலை செய்யும் தம்பிமார்களே, தயவுசெய்து மூக்கை நம்பாதீர்கள். அளவுக் கருவி ஒலித்தால் உடனே வெளியேறுங்கள்.

மரக்கூழிலிருந்து இழை நூற்கும் இன்னொரு முறையான லயோசெல்லில் என்எம்எம்ஓ என்ற கரைப்பான் கூழை நேரடியாகக் கரைக்கிறது; இழை தண்ணீரில் உறைந்த பின் கரைப்பானில் 99 சதவீதத்துக்கு மேல் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். பசுமை என்ற சொல்லுக்கு இங்கே பொருள் தருவது அந்த மீட்புதான். (சூட்டையும் உலோகத் துகள்களையும் கட்டுக்குள் வைக்காவிட்டால் இந்தக் கரைப்பானும் வெடிப்போடு சிதையும் என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாது.) செல்லுலோஸை யூரியாவைக் கொண்டு கார்பமேட் என்ற சேர்மமாக மாற்றிக் கரைக்கும் முறையில் கார்பன் டைசல்ஃபைடுக்கு வேலையே இல்லை. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தார் அயனித் திரவத்தில் (திரவ நிலையில் இருக்கும் உப்பில்) பிர்ச் மரக்கூழைக் கரைத்து நூற்ற இழையாலான ஆடையை அந்நாட்டு அதிபரின் மனைவி 2018 சுதந்திர தின விழாவில் அணிந்தார். வெளுப்பிலும் குளோரின் வாயுவை விட்டு ஆக்சிஜன், ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று மாறிய ஆலைகள் உண்டு. ஆவியைப் பிடித்து மீட்கும் விஸ்கோஸ் ஆலை, திறந்துவிடும் ஆலையைவிடப் பல மடங்கு மேல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வியாபாரிகளே, இழையின் பொதுப்பெயர், இழை ஆலையின் பெயர், வெளுத்த முறை, கரைப்பான் மீட்பு விவரம் ஆகியவற்றை எழுத்தில் வாங்காமல் நூல் வாங்காதீர்கள். பவானிக்கரையில் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவு ஆற்றை என்ன செய்தது என்பதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்கள் நாம். நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்குபவர்கள் உடுத்த அஞ்ச வேண்டாம், கேடு விளைவது ஆலையிலும் ஆற்றிலும்தான். ஈர ரேயானை மட்டும் முறுக்கிப் பிழியாதீர்கள். நனைந்தால் அதன் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அந்த ஏற்றுமதியாளருக்கு எழுதியிருக்கிறேன்: கூழ் மூங்கிலினுடையது என்பதற்கு ஆலைச் சான்று இருந்தால் ‘மூங்கில் கூழிலிருந்து செய்த விஸ்கோஸ்’ என்று அச்சிடுங்கள், ‘இரசாயனம் கலக்காதது’ என்பதை அட்டையிலிருந்து எடுத்துவிடுங்கள்.