மழைக்காலமும் கடலைப் புண்ணாக்கும்: கறி முயல் வளர்ப்பவர்கள் கவனத்துக்கு

வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, கொருக்குப்பேட்டை பக்கம் மொட்டை மாடியில் கூண்டு கட்டிக் கறி முயல் வளர்ப்பவர்கள் மழைக்காலம் வந்தால் கால்நடை மருத்துவரான என்னிடம் பெரும்பாலும் ஒரே புகாரோடு வருகிறார்கள். தாய் முயல் நன்றாக இருக்கிறது, பால் மறந்த குட்டிகள்தான் தீனியைத் தொடாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து, சில நாளில் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன என்பார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சிலர் நினைக்கிறார்கள், சிலர் ரத்தக் கழிச்சல் என்று தாங்களாகவே முடிவு கட்டித் தண்ணீரில் மருந்தைக் கலந்துவிட்டுத்தான் வருகிறார்கள். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டால், குட்டி சீக்கிரம் எடை ஏறட்டும் என்று கடலைப் புண்ணாக்கு போடுகிறோம் என்று பதில் வரும். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தொடங்கும்.

புண்ணாக்கு தன்னளவில் நல்ல தீனிதான். புரதம் மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருக்கும். அதில் பிடிக்கிற பூஞ்சணம்தான் எமன். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சணம் வயலிலேயே கடலையில் ஏறிவிடும், அப்புறம் குடோனிலோ நம் வீட்டு மாடிப்படிக்குக் கீழேயோ ஈரம் பட்டால் பெருகும். கடற்காற்று வீசுகிற நம் பகுதியில், அதுவும் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, மூட்டைக்கு ஈரம் ஏறாமல் இருப்பதே கஷ்டம். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சுக்குப் பெயர் அஃப்ளாடாக்ஸின். உலகம் இதைத் தெரிந்துகொண்டதே கடலைப் புண்ணாக்கால்தான். 1960ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் செத்தபோது காரணத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் வந்து நின்றது பிரேசிலிலிருந்து இறக்கிய கடலைப் புண்ணாக்கில்.

"கோழியும் இதைத்தான் தின்னுது டாக்டர், அதுக்கு ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். கோழிக்கும் அது கெடுதல்தான், ஆனால் கோழி தாங்கும் அளவு வேறு. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.3 மில்லிகிராம் நஞ்சு ஒரே தடவையில் உள்ளே போனாலே பாதி முயல்கள் செத்துவிடும், கோழியில் அதே சாவு நடக்க 6 மில்லிகிராமுக்கு மேல் வேண்டும். அரைக் கிலோ, முக்கால் கிலோ எடையுள்ள குட்டிக்கு எவ்வளவு போதும் என்று நீங்களே கணக்குப் போடலாம். முயலுக்கு வாந்தி எடுக்கவும் வராது, தின்றது உள்ளேதான் போயாக வேண்டும்.

செத்த குட்டியை அறுத்துப் பார்த்தால் ஈரல் பேசும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் ஒரு வகை ஈரலைத் தாக்கும், அதில் ஈரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் மாதிரிப் புள்ளிகள் இருக்கும். புண்ணாக்கு நஞ்சில் அப்படிப் புள்ளி இருக்காது, ஈரல் முழுவதும் வெளிறி மஞ்சள் தடவினது போல இருக்கும், சில குட்டிகளில் தோலுக்கு அடியிலேயே மஞ்சள் தெரியும். இது தெரியாமல் கழிச்சல் மருந்தையே ஊற்றிக்கொண்டிருந்தால் குட்டிகள் செத்துக்கொண்டேதான் இருக்கும். ஒரு வார்த்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், வீட்டுப் பிள்ளைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப்பை முயல் வாயில் ஊற்றாதீர்கள். குடலில் இருக்கிற நல்ல கிருமிகளை அது அழித்துவிடும், அந்தக் கழிச்சலிலேயே முயல் போய்விடும்.

புண்ணாக்குத் துண்டை உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். நல்லதென்றால் டக்கென்று முறியும், வறுத்த கடலை வாசம் வரும். கெட்டது நைந்து பிய்ந்து வரும், இடுக்கில் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி ஒட்டியிருக்கும், மக்கிய வாடை அடிக்கும். ஆனால் இந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதால் நிம்மதியாக இருந்துவிட முடியாது, பூஞ்சணம் காய்ந்து உதிர்ந்த பிறகும் நஞ்சு அதிலேயே தங்கியிருக்கும். வேகவைத்தாலும் போகாது. வெயிலில் காயவைத்தால் ஈரம் போகுமே தவிர ஏற்கெனவே ஊறிய நஞ்சை எடுத்துவிட முடியாது.

நல்ல புண்ணாக்கே கிடைத்தாலும் குட்டிக்குத் தனியாகப் போடாதீர்கள். பால் மறக்கும் நான்கு முதல் ஆறு வாரத்தில் அதன் குடல் இன்னும் பழகிக்கொண்டிருக்கும், நார் குறைந்து புரதமும் மாவும் கூடினால் வயிறு ஊதிக் கழிச்சல் கண்டுவிடும். மாட்டுக்கு வைப்பது போல ஊறவைத்து மிச்சத்தைத் தொட்டியிலேயே விடுவது அதைவிட மோசம். பத்து கிலோ கலப்புத் தீவனத்தில் ஒரு கிலோ புண்ணாக்கு போதும் என்றுதான் நான் சொல்வேன், மழை மாதங்களில் அதையும் நிறுத்திவிட்டு நல்ல சோயாப் புண்ணாக்குக்கு மாறச் சொல்வேன். மற்றபடி அருகம்புல், வேலிமசால், முருங்கை, அகத்தி என்று இலை தழை தாராளமாகப் போகட்டும். மூன்று மாதத்தில் இரண்டு கிலோ வர இது போதும், பத்து நாள் முன்னே பின்னே ஆனால்தான் என்ன? மூட்டையைப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள், இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

கெட்டுப்போனதைக் காசு போட்டு வாங்கினோமே என்று பக்கத்துத் தெரு மாட்டுக்காரரிடம் தள்ளிவிடாதீர்கள், தயவுசெய்து. மாடு தின்றால் நஞ்சு வேறு வடிவில் பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது, அந்தப் பாலை நம் தெருப் பிள்ளைகள்தான் குடிப்பார்கள். நோயில் செத்த குட்டியைக் கறிக்கு விற்பதும் கூடாது, அதன் ஈரலை நாய்க்கும் போடக் கூடாது.

சந்தேகம் வந்தால் அந்தத் தீனியை அன்றே நிறுத்துங்கள். மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, வேர்க்காமல் இருக்கக் காகிதப் பையில் போட்டு, தீவனப் பரிசோதனைக்கு மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகத்தில் விசாரியுங்கள். செத்த குட்டியை ஐஸ் வைத்த டப்பாவில் போட்டு அன்றைக்கே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோங்கள், ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டால் ஈரலைச் சரியாகப் பார்க்க முடியாது.