நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்காது

மணிக்கட்டில் நடு நரம்பு அறுந்துபோன ஒருவர் தன் கையை வெந்நீரில் அரை மணி நேரம் வைத்திருந்தால் ஒரு விநோதத்தைப் பார்க்கலாம். சுண்டுவிரல் நுனி எல்லோருக்கும் ஆவதுபோலவே வரிவரியாகச் சுருங்கியிருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தண்ணீரையே பார்க்காதவைபோல வழவழவென்று இருக்கும். ஒரே கை, ஒரே பாத்திரம், ஒரே தண்ணீர். சுண்டுவிரலுக்கு வேறு நரம்பு போகிறது. மற்ற மூன்றுக்கும் போகும் நரம்பு அறுந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைப் படிக்கும்வரை எனக்கு வேறொரு விளக்கம்தான் தெரியும். உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும். தோலின் மேலடுக்கு செத்த செல்களால் ஆனது. அதில் நிறைந்திருக்கும் கெரட்டின் என்ற புரதம் தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சியதும் மேல்தோல் உப்பும். கீழே இருக்கும் தோல் உப்பாது. உப்பிய தோலுக்கு இடம் போதாமல் மடிப்பு மடிப்பாக எழும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி, சட்டத்தில் இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. ஏன் விரலும் பாதமும் மட்டும், முழங்கையும் வயிறும் ஏன் சுருங்கவில்லை என்று கேட்டால், விரலிலும் பாதத்திலும் மேல்தோல் தடிமன் அதிகம் என்று பதிலும் தயாராக இருக்கும்.

ஆனால் நரம்பு அறுந்த விரலிலும் அதே தடித்த தோல்தான் இருக்கிறது. அதே கெரட்டின்தான். தண்ணீர் உறிஞ்சுவதற்குக் கெரட்டின் நரம்பைக் கேட்டுக்கொண்டா இருக்கும்? விளக்கம் அங்கேயே உடைந்துவிடுகிறது.

இதைக் கவனித்து எழுதி இப்போது கிட்டத்தட்ட 90 ஆண்டுகள் ஆகின்றன. 1930-களில் லண்டனில் தாமஸ் லூயிஸ், ஜார்ஜ் பிக்கரிங் என்ற இரு மருத்துவர்கள், நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் கைகளில் ரத்த ஓட்டம் எப்படி மாறுகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். உணர்ச்சி இழந்த விரல்கள் தண்ணீரில் சுருங்குவதில்லை என்பதை அவர்கள் குறித்துவைத்தார்கள். அவர்கள் தேடியது வேறு. இது போகிற போக்கில் கண்ணில் பட்ட விஷயம்.

அதை உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்தியவர் ஷேமஸ் ஓ'ரியன் என்ற அயர்லாந்து அறுவை மருத்துவர். கையில் அடிபட்டு வருகிறவருக்கு நரம்பு போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், ஊசி முனையால் தொட்டு "தெரிகிறதா?" என்று கேட்பார்கள். பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையிடம் என்ன கேட்பது? அது ஊசியைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிடும். 1973-இல் ஓ'ரியன் சொன்ன சோதனைக்கு ஒரு பாத்திரம் வெந்நீர் போதும். 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் கையை வைத்திருந்து, வெளியே எடுத்துப் பார்க்க வேண்டியதுதான். சுருங்கிய விரலில் நரம்பு வேலை செய்கிறது. சுருங்காத விரலில் இல்லை. நோயாளி வாயைத் திறக்கவே வேண்டாம், பொய் சொல்லவும் வழியில்லை. அறுந்த நரம்பைத் தைத்த பிறகு அது மறுபடி வளர்ந்து விரலை எட்டியதும் சுருக்கமும் திரும்ப வருகிறது. இத்தனை எளிய மருத்துவச் சோதனைகள் அதிகம் இல்லை.

சரி, நரம்பு அங்கே என்னதான் செய்கிறது?

வியர்வைச் சுரப்பிகளிலிருந்து தொடங்க வேண்டும். உடம்பில் அவை மிக நெருக்கமாக இருக்கும் இடங்கள் உள்ளங்கையும் உள்ளங்காலும்தான். விரல் நுனியின் ரேகை மேடுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் மேட்டின் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். கை தண்ணீரில் இருக்கும்போது இந்தத் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. அங்கே இருக்கும் உப்புச் சமநிலை மாறுகிறது. சுற்றியுள்ள நரம்பு இழைகள் அந்த மாற்றத்தால் தூண்டப்படுகின்றன. இவை பரிவு நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தவை. பயத்தில் நெஞ்சு படபடக்கவும், குளிரில் உடம்பு புல்லரிக்கவும் காரணமான அதே மண்டலம். நம்மைக் கேட்காமலே வேலை செய்வது அதன் குணம். தூண்டப்பட்ட இழைகள் விரல் நுனியின் ரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகின்றன.

குழாய்கள் இறுகினால் விரல் நுனிச் சதைக்குள் இருக்கும் ரத்தத்தின் அளவு குறைகிறது. சதை கொஞ்சம் வற்றுகிறது. ஆனால் மேலே போர்த்தியிருக்கும் தோலின் பரப்பு அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தோல் சும்மா மேலே கிடக்கவும் இல்லை. பஞ்சு மெத்தையில் ஆங்காங்கே தையல் போட்டு இழுத்துக் கட்டியிருப்பதுபோல, நார்கள் அதை உள்ளிருக்கும் திசுவோடு பிணைத்திருக்கின்றன. மெத்தையிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்துவிட்டால் உறை என்ன ஆகும்? தையல் இருக்கும் இடங்களில் உள்வாங்கும், மற்ற இடங்களில் தொளதொளவென்று நிற்கும். விரல் நுனியில் தெரியும் பள்ளமும் மேடும் அதுதான். தோல் உப்புகிறது என்று பழைய விளக்கம் சொன்னது. நடப்பதோ தலைகீழ்: உள்ளே இருப்பது வற்றுகிறது.

இதற்கு நேரடிச் சாட்சி 2003-இல் சிங்கப்பூரிலிருந்து வந்தது. ஐனார் வைல்டர்-ஸ்மித்தும் அவருடன் ஆய்வு செய்தவரும் விரலில் ஓடும் ரத்தத்தை டாப்ளர் கருவியால் அளந்தார்கள். கை தண்ணீரில் இருந்து விரல் சுருங்கும்போது ரத்த ஓட்டம் குறைந்தது. இதில் ஒரு முரண் இருக்கிறது. வெந்நீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதுதான் வழக்கம். வெந்நீரில் குளித்தால் உடம்பு சிவப்பது அதனால்தான். அதே வெந்நீரில் விரல் நுனி மட்டும் எதிர்த்திசையில் போய் வெளுக்கிறது. அப்புறம், இதைவிட எனக்குப் பிடித்த ஒரு சோதனையும் உண்டு. ஊசி போடும் இடத்தை மரத்துப்போகச் செய்யத் தடவும் களிம்பு ஒன்று இருக்கிறது. அதுவும் தோலின் ரத்தக் குழாய்களை இறுக்கும். அதை விரல் நுனியில் பூசி மூடிவைத்தால் தண்ணீரே இல்லாமல் விரல் சுருங்குகிறது. ஊறிப்போவதுதான் காரணமென்றால் இது நடக்கவே முடியாது.

உப்புச் சமநிலை மாறுவதுதான் தொடக்கப் புள்ளி என்பதற்கும் அடையாளங்கள் உண்டு. 40 டிகிரி நல்ல தண்ணீரில் மூன்று, நான்கு நிமிடங்களிலேயே சுருக்கம் தலைகாட்டத் தொடங்கிவிடும். 20 டிகிரி தண்ணீரில் பத்து நிமிடம்வரை ஆகலாம். உப்புத் தண்ணீரில் இன்னும் தாமதம். கடலில் வெகுநேரம் நீந்தியவர்கள் இதைக் கவனித்திருக்கலாம். வெளித் தண்ணீரிலும் உப்பு இருந்தால் உள்ளே இருக்கும் சமநிலை அவ்வளவு வேகமாக மாறாது. இதற்கு மறுகோடியில் இருப்பவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள். செல்லுக்குள்ளும் வெளியிலும் குளோரைடு போய்வரும் வாசல் அவர்களுக்குப் பழுதாக இருக்கிறது, அதனால் வியர்வையில் உப்பு மிக அதிகம். இந்த நோயுள்ள குழந்தைகளின் உள்ளங்கை தண்ணீரில் வழக்கத்தைவிட அதிகமாகச் சுருங்குகிறது என்று 1974-லேயே ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார். அவர்களில் பலருக்கு மூன்று நிமிடத்துக்குள்ளேயே உள்ளங்கை முழுக்கச் சுருங்கிவிடுவதைப் பின்னால் பலரும் பதிவு செய்தார்கள்.

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே மறிக்கலாம்: தண்ணீரில் வெகுநேரம் கிடந்த பிணத்தின் கையும் வெளுத்துச் சுருங்குகிறதே, பிணத்துக்கு ஏது நரம்பு? நியாயமான கேள்வி. தடயவியல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காட்சி அது. அங்கே நடப்பது பழைய விளக்கம் சொன்னதுதான். மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஊறினால் கெரட்டின் உப்பத்தான் செய்யும். ஆகவே பழைய விளக்கம் முழுப் பொய் இல்லை. வாளித் தண்ணீரில் துணி அலசும்போது சில நிமிடங்களில் வரும் சுருக்கத்துக்கு மட்டும் அது பொருந்தாது.

எப்படி என்பது இந்த அளவுக்குத் தெளிவாகிவிட்டது. எதற்காக என்று கேட்டால்தான் சிக்கல். உடம்பு தானாகவே செய்யும் வேலையென்றால் அதில் ஏதாவது லாபம் இருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். 2011-இல் அமெரிக்காவைச் சேர்ந்த மார்க் சங்கிசியும் அவரது கூட்டாளிகளும் ஒரு விடை சொன்னார்கள். டயரில் பட்டன் என்று சொல்கிறோமே, அந்தப் பள்ளங்கள்தான் விரல் சுருக்கமும் என்றார்கள். ஈரச் சாலையில் டயருக்கும் தரைக்கும் நடுவே தங்கும் தண்ணீர் பள்ளங்கள் வழியாக வெளியேறுவதால் பிடிமானம் கிடைக்கிறது. பட்டன் தேய்ந்த டயர் மழையில் வழுக்குவதும் அதனால்தான். சுருங்கிய விரல்களின் 28 படங்களை வைத்து அவர்கள் ஆராய்ந்தபோது, சுருக்கங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும் அமைப்பு, மலைச் சரிவில் தண்ணீர் வடியும் ஓடைகளின் அமைப்பை ஒத்திருந்தது. மழையிலும் ஈரக் கிளைகளிலும் திரிந்த நம் முன்னோர்களுக்கு இது உதவியிருக்கும் என்பது அவர்கள் கருத்து. வெந்நீர் ஊற்றில் குளிக்கும் ஜப்பானியக் குரங்கின் விரலும் இப்படிச் சுருங்குவதைக் கண்டிருக்கிறார்கள்.

யோசனை அழகானது. அழகான யோசனைகளிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2013-இல் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தில் டாம் ஸ்மல்டர்ஸ் குழு 20 பேரை வைத்துச் சோதித்தது. கோலிக்குண்டுகளையும் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளையும் ஒரு கையால் எடுத்து, சின்ன ஓட்டை வழியாக மறுகைக்குக் கொடுத்து, ஒரு பெட்டிக்குள் போட வேண்டும். தண்ணீருக்குள் கிடந்த குண்டுகளைச் சுருங்கிய விரல்கள் சுமார் 12 சதவீதம் சீக்கிரமாக மாற்றின. உலர்ந்த குண்டுகளில் எந்த வித்தியாசமும் இல்லை. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடித் தீர்த்தன. அடுத்த ஆண்டே பெர்லினில் ஒரு குழு இருமடங்கு ஆட்களை வைத்து இதே மாதிரிச் சோதனையைச் செய்தது. ஈரமோ உலர்வோ, சுருங்கிய விரலால் ஒரு லாபமும் இல்லை என்றது அந்தக் குழு. இந்த முடிவைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை.

2021-இல் மான்செஸ்டரைச் சேர்ந்த நிக் டேவிஸ் கேள்வியையே மாற்றினார். எவ்வளவு வேகம் என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தார். லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்த 500-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு கருவியை இரு விரலால் பிடிக்கச் சொன்னார். ஈரமான, சுருங்காத விரல்காரர்கள் வழுக்கிவிடாமல் இருக்க அதிகமாக அழுத்தினார்கள். ஈரமான ஆனால் சுருங்கிய விரல்களுக்கு உலர்ந்த விரல்களுக்குப் பக்கத்தில் வரும் அளவே போதுமாக இருந்தது. டயர் கட்சிக்கு இது நல்ல ஆதரவு. என்னைக் கேட்டால், பிடிமானம் கூடுகிறது என்பதை இப்போது ஓரளவு நம்பலாம். அதற்காகவே இந்த ஏற்பாடு பரிணாமத்தில் வந்தது என்பது அதற்கு அடுத்த தாவல், அந்தத் தூரத்தை இன்னும் யாரும் தாண்டவில்லை. ரத்தக் குழாய் இறுகும்போது தற்செயலாக வரும் பக்கவிளைவாகவும் இது இருக்கலாம்.

அவ்வளவு உதவியென்றால் விரல் எப்போதுமே சுருங்கியபடி இருக்கலாமே என்ற கேள்வியும் எழுந்தது. சுருங்கினால் தொடு உணர்வு மங்கும், அதுதான் விலை என்று சிலர் ஊகித்தார்கள். பெர்லின் குழு அதையும் அளந்து பார்த்தது. மங்கவில்லை.

கடைசியாக வந்த கண்டுபிடிப்புக்குக் காரணம் ஒரு குழந்தை. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் தோலை ஆராயும் கய் ஜெர்மன், விரல் ஏன் சுருங்குகிறது என்று குழந்தைகளுக்காக ஒரு கட்டுரை எழுதினார். "ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிதான் சுருங்குமா?" என்று திரும்பி வந்தது ஒரு கேள்வி. அவருக்குப் பதில் தெரியவில்லை. யாரும் பார்த்ததாகவும் தெரியவில்லை. மூன்றே மூன்று பேரை 40 டிகிரி தண்ணீரில் 30 நிமிடம் விரலை ஊறவைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். குறைந்தது 24 மணி நேரம் கழித்து மறுபடியும் அதையே செய்தார்கள். 2025-இல் வெளியான முடிவின்படி, மேடு பள்ளங்கள் பெரும்பாலும் அதே இடத்தில், அதே வடிவில் வந்திருந்தன. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் இருக்கும் இடம் அவ்வளவாக மாறுவதில்லை, அதனால் அவை இறுகும்போது தோல் உள்வாங்கும் இடமும் மாறுவதில்லை.

அந்த ஆய்வகத்தில் ஒரு மாணவருக்கு நடு நரம்பில் பாதிப்பு இருந்தது. அவருடைய விரல்களையும் ஊறவைத்துப் பார்த்தார்கள். ஒரு சுருக்கம்கூட விழவில்லை.