பிளாக் ஹிஸ்டரின்னா தமிழ்ல என்ன? நீக்ரோ, காப்பிரி, கறுப்பர்னு ஒரு சொல் விளக்கம்

பிப்ரவரி வந்தா போதும், அமெரிக்காவுல ஸ்கூல் போற நம்ம பிள்ளைங்க எல்லாம் பிளாக் ஹிஸ்டரி மந்த் (ஆப்பிரிக்க வம்சாவளி மக்களோட வரலாற நெனச்சுப் பாக்கற மாசம்) ப்ராஜெக்ட்னு சார்ட் பேப்பரும் கத்திரிக்கோலுமா உக்காந்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புல ஒரு எட்டு வயசு பொண்ணு எங்கிட்ட "அங்கிள், இதுக்கு தமிழ்ல என்ன?"ன்னு கேட்டா. நான் வாய தொறக்கறதுக்குள்ள பின்னாடி உக்காந்திருந்த ஒரு தாத்தா "நீக்ரோ வரலாற்று மாதம்னு எழுதும்மா"ன்னாரு. அவரு மேல தப்பே இல்லைங்க, அவரு படிச்ச காலத்துல பாடப்புத்தகத்துலயே அப்படித்தான் இருந்துச்சு. ஆனா இன்னிக்கு அது அங்க மரியாதை இல்லாத பேரு, அந்தப் பொண்ணு அத அப்படியே எழுதி நாளைக்கு ஸ்கூல்ல வாசிச்சா என்ன ஆகும்னு நெனச்சப்போ எனக்கு வயித்த கலக்கிடுச்சு. அதனாலதான் இத எழுதறேன்.

மொதல்ல இந்த நீக்ரோ எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். லத்தீன்ல நிகெர்னா கறுப்பு. அதுலேர்ந்து ஸ்பானிஷ், போர்ச்சுகீசுல நெக்ரோ, அங்கயும் சும்மா நிறத்தோட பேருதான், கறுப்பு சட்டைக்கும் அதே வார்த்தைதான். 15ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் மேற்கு ஆப்பிரிக்கா கரையில எறங்கி ஆள புடிச்சு விக்க ஆரம்பிச்சாங்க பாருங்க, அப்ப அந்த நிறப்பேரு மனுசங்களோட பேரா மாறிச்சு. அகான், யொருபா, வொலோஃப்னு ஆளுக்கு ஒரு இனம், ஒரு மொழி இருந்துச்சு, கப்பல்ல ஏத்தினதும் எல்லாரும் நெக்ரோ. ஆங்கிலத்துக்கும் அங்கேர்ந்துதான் வந்துச்சு, நமக்கு ஆங்கிலத்து வழியா.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, இந்த மாசத்த ஆரம்பிச்சவரே அந்த வார்த்தையத்தான் வச்சாரு. கார்ட்டர் ஜி. உட்சன். 1875ல வர்ஜீனியாவுல பொறந்தவரு, அப்பா அம்மா ரெண்டு பேரும் அடிமையா இருந்து விடுதலை ஆனவங்க. நிலக்கரி சுரங்கத்துல வேலை பாத்துட்டு, 20 வயசுல ஹைஸ்கூல் சேர்ந்து, 1912ல ஹார்வர்டுல டாக்டர் பட்டம் வாங்கிட்டாரு மனுசன். 1926ல அவரு தொடங்கினதோட பேரு நீக்ரோ ஹிஸ்டரி வீக், மாசம் இல்ல, ஒரே வாரம். பிப்ரவரி ரெண்டாவது வாரத்த ஏன் எடுத்தாருன்னா, பிப்ரவரி 12 அதிபர் லிங்கன் பொறந்தநாள், 14 அடிமை முறைய எதிர்த்துப் போராடின ஃப்ரெடரிக் டக்ளஸ் பொறந்தநாள், ரெண்டையும் அந்த மக்கள் ஏற்கனவே கொண்டாடிட்டு இருந்தாங்க. சில பேரு "இருக்கறதுலயே சின்ன மாசமா பாத்து குடுத்துட்டாங்க"ன்னு கிண்டல் பண்ணுவாங்க, அது சரியில்ல, யாரும் குடுக்கல, அவங்களே எடுத்துக்கிட்டது. டக்ளஸுக்கு உண்மையில தன்னோட பொறந்த தேதியே தெரியாது, அடிமையா பொறந்த பிள்ளைக்கு யாரு தேதி குறிச்சு வப்பா, அவரா தேர்ந்தெடுத்துக்கிட்ட நாள்தான் அந்த 14. இந்த ஒரு விஷயத்த மட்டும் சொல்லிப் பாருங்க, வகுப்புல ஒரு சத்தம் இருக்காது, ஏன்னா பர்த்டே இல்லாத பிள்ளைங்கறத அதுங்களால யோசிக்கவே முடியாது.

சரி அந்த காலத்துலயே இந்த பேரு புடிக்காதவங்க இருந்தாங்களான்னா, இருந்தாங்க. 1928ல ஒரு ஹைஸ்கூல் பையன், டு போய்ஸ்ங்கற கறுப்பின அறிஞர் நடத்தின பத்திரிகைக்கு லெட்டர் போட்டான், எங்கள ஏன் நீக்ரோன்னு எழுதறீங்க, அது வெள்ளைக்காரன் வச்ச பேருன்னு. டு போய்ஸ் பதில் நீளமா எழுதினாரு, பேர மாத்தினா நிலைமை மாறிடாது தம்பிங்கற மாதிரி. ஆனா அவரே வேற ஒரு சண்டை போட்டுட்டு இருந்தாரு, நீக்ரோவோட மொத எழுத்த பெரிய எழுத்துல போடணும்னு, ஜெர்மன், ஐரிஷ்னா பெரிய எழுத்து நமக்கு மட்டும் சின்ன எழுத்தான்னு. நியூயார்க் டைம்ஸ் 1930லதான் ஒத்துக்கிச்சு. இத மனசுல வச்சுக்கோங்க, கீழ தேவைப்படும்.

அப்புறம் 1966ல உரிமைக்காகப் போராடின ஸ்டோக்லி கார்மைக்கேல் மிசிசிப்பில பிளாக் பவர்னு கோஷம் போட்டாரு, அதுக்கப்புறம் வந்த பசங்களுக்கு நீக்ரோங்கறது தலைய குனிஞ்சு நின்ன காலத்துப் பேரா தெரிய ஆரம்பிச்சிடுச்சு. 1976ல அந்த வாரம் அதிபர் ஃபோர்டு அறிவிப்போட மாசமா ஆனப்போ பேரும் பிளாக் ஹிஸ்டரி மந்த்னு ஆயிடுச்சு. 1988ல இன்னொரு உரிமைப் போராட்டத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஆப்ரிக்கன் அமெரிக்கன்னு சொல்லுங்கன்னாரு, அதுவும் ஒட்டிக்கிச்சு. 2016ல ஒபாமா கையெழுத்து போட்டு, பழைய சட்டங்கள்ல மிச்சம் இருந்த நீக்ரோவையும் எடுத்துட்டாங்க. அங்க சட்டப் புத்தகத்துலேர்ந்தே போயிடுச்சு, நம்ம ஊரு வாயிலேர்ந்து போகல, அவ்ளோதான் கதை.

தமிழ்ல இதுக்கு முந்தியே இன்னொரு வார்த்தை இருந்துச்சு, காப்பிரி. சில ஊர்ல காப்பிலிம்பாங்க, சுருட்ட முடி பிள்ளைய பாத்து காப்பிலி முடின்னு கேலி பண்றத நீங்க கேட்டிருப்பீங்க. இது அரபில காஃபிர், அதாவது நம்பிக்கை இல்லாதவன். அரபு வியாபாரிங்க முஸ்லிம் அல்லாத ஆப்பிரிக்கர்கள அப்படி கூப்பிட, போர்ச்சுகீசியர் அத காஃப்ரேன்னு ஆக்கி இந்து மகாசமுத்திரம் பூரா எடுத்துட்டு வந்துட்டாங்க. இலங்கையில புத்தளம் பக்கம் போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் வெள்ளைக்காரரும் கூட்டிட்டு வந்த ஆப்பிரிக்கர்களோட வம்சம் இன்னும் இருக்கு, காபிர்னுதான் அவங்களுக்குப் பேரு, அவங்களே தங்கள அப்படித்தான் சொல்லிக்கறாங்க. அதே வார்த்தை தென்னாப்பிரிக்காவுல சொன்னா கோர்ட்டு கேசு ஆயிடும், அவ்ளோ கேவலமான வசை. நமக்கு இது புரியலன்னா "கூலி"ய நெனச்சுக்கோங்க. நம்ம ஊர்ல கூலின்னா செஞ்ச வேலைக்கு வாங்கற காசு, நல்ல வார்த்தை. அது கப்பல் ஏறி தென்னாப்பிரிக்காவுல இருக்கற நேட்டால் போனதும் நம்ம மூஞ்சில துப்பற வார்த்தையா ஆயிடுச்சு. ஒருத்தர கூலின்னு கூப்பிடறதும் காப்பிலின்னு கூப்பிடறதும் ஒண்ணுதான், பிள்ளைங்களுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு கெடைக்கல.

இப்ப நல்ல தமிழ் சொல்லு எது? நேரா கறுப்பு வரலாறுன்னு போட்டுடலாமேன்னு தோணும். கூடாது. தமிழ்ல கறுப்பு நாள்னா துக்க நாள், கறுப்புப் பணம்னா திருட்டுப் பணம், கறுப்பு யூலைன்னா 1983ல கொழும்புல தமிழருக்கு எதிரா நடந்த கலவரம். ஆக கறுப்பு வரலாறுன்னா இருண்ட வரலாறுன்னுதான் காதுல விழும், சொல்ல வந்ததுக்கு நேர் எதிர். கறுப்பர் வரலாறுங்கறது பரவால்ல, ஆனா எங்க ஊர்ப்பக்கம் கருப்பர்னா அரிவாளோட நிக்கிற சாமி, பிள்ளைங்க குழம்பிடும் (ஒரு பையன் நெஜமாவே குழம்பினான்). அதனால என்னோட ஓட்டு "கறுப்பின வரலாற்று மாதம்". ஆளுங்கள சொல்லும்போது கறுப்பினத்தவர், கறுப்பின மக்கள். அமெரிக்காக்காரங்கள மட்டும் சொல்றோம்னா ஆப்பிரிக்க அமெரிக்கர்னும் சொல்லலாம், ஆனா ஜமைக்காக்காரரையோ லண்டன்காரரையோ அப்படி சொல்லக்கூடாது.

அந்த "இன"த்த ஏன் விடாம புடிக்கறேன்னா, 2020ல ஏபி செய்தி நிறுவனம் பிளாக்ங்கறதுக்கு இனிமே பெரிய எழுத்துன்னு முடிவு பண்ணுச்சு, அதாவது நிறம் இல்ல, மக்களோட பேருன்னு. டு போய்ஸ் போட்ட அதே சண்டைதான், வார்த்தை மட்டும் வேற. தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்தே கெடையாது, அப்ப அந்த வேலைய நமக்கு "இன"ந்தான் பண்ணணும்.

அடுத்த சண்டை கறுப்பா கருப்பான்னு. ரெண்டும் சரிதாங்க. கருமைங்கற பண்புலேர்ந்து வந்தா சின்ன ர, கருங்கல், கருமேகம். கறுத்தல்ங்கற வினைலேர்ந்து வந்தா பெரிய ற, கறுத்துப் போச்சு. கருஞ்சட்டைன்னாலும் கறுப்புச் சட்டைன்னாலும் அதே சட்டைதான். எனக்கு கறுப்புதான் புடிக்கும், அதுக்கு காரணம் தொல்காப்பியம். "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள"ன்னு ஒரு சூத்திரம் வருது, கறுப்புன்னாலும் சிவப்புன்னாலும் கோபம்னு அர்த்தம், அதுக்கு அடுத்துதான் நிறத்தையும் குறிக்கும்ங்கறாரு. இன்னும் மனசுல கறுவிக்கிட்டு இருக்கான்னு சொல்றோமே, அதே வேரு. அந்த வரலாற்றுல கோபத்துக்கும் இடம் இருக்கணும் இல்லையா, வெறும் நிறம் மட்டும் எப்படி போதும்.

கறுப்பர்ங்கற பேருக்குள்ள ஒரு காலத்துல நாமளும் இருந்தோம், இது நெறைய பேருக்கு தெரியாது. 1971ல தென்னாப்பிரிக்காவுல, நிறவெறி ஆட்சிய எதிர்த்த ஸ்டீவ் பீக்கோவோட மாணவர் அமைப்பு யாரு கறுப்பர்னு ஒரு விளக்கம் எழுதினப்போ தோல் நிறத்த பாக்கல, சட்டத்தாலயும் வழக்கத்தாலயும் ஒடுக்கப்பட்ட எல்லாரும்னு எழுதினாங்க, இந்தியர்களையும் சேத்து. அந்த அமைப்ப கட்டினவங்கள்ல ஒருத்தர் ஸ்ட்ரினி மூட்லி, மூட்லின்னா நம்ம முதலியார்தான் கப்பல்ல போய் அப்படி ஆனது, ராபன் தீவுல ஜெயில்ல இருந்தவரு. லண்டன்ல எழுத்தாளர் அ. சிவானந்தன், இலங்கையில தமிழருக்கு எதிரா நடந்த 1958 கலவரத்துக்கு அப்புறம் கொழும்புலேர்ந்து போன தமிழர், அவரும் ஆசியர் ஆப்பிரிக்கர் எல்லாரையும் சேத்துதான் கறுப்பர்னு எழுதுவாரு. இப்ப அந்த வழக்கம் கொறஞ்சிடுச்சு. நம்ம வீட்டுலயே ஃபேர்னஸ் கிரீம் வாங்கி வச்சுட்டு, "கறுப்பே அழகு, காந்தலே ருசி"ன்னு பழமொழி மட்டும் சொல்றோம், அத என்ன சொல்ல.

வரலாறுங்கற வார்த்தையையும் பிரிச்சு காட்டுங்க. வரல் + ஆறு, ஆறுன்னா வழி, வந்த வழி. அந்த மக்களுக்கு வந்த வழியத்தான் அழிச்சாங்க. அமெரிக்க மக்கள்தொகை கணக்குல 1850லயும் 1860லயும் அடிமைங்களுக்குன்னு தனி பட்டியல், அதுல முதலாளி பேரு இருக்கும், கீழ வயசு, ஆணா பொண்ணா, நிறம், அவ்ளோதான், ஆளோட பேரு கெடையாது. 1870லதான் எல்லாரையும் பேரோட எழுதினாங்க. அதனால தாத்தாவோட தாத்தாவ தேடிப் போற குடும்பங்க 1870 வரைக்கும் வந்து ஒரு சுவத்துல முட்டிக்கிட்டு நிப்பாங்க. அதனாலதான் அடிமைகள்னு எழுதாம அடிமையாக்கப்பட்டவங்கன்னு எழுதுன்னு பிள்ளைங்ககிட்ட சொல்றேன், நீளந்தான், ஆனா ஆக்கினவன் ஒருத்தன் இருக்கான்னு அந்த வார்த்தைலயே வந்துடுது பாருங்க.

சாதனைக்கு நல்ல தமிழ் அருஞ்செயல். அத சொல்லித் தரும்போது கதைய சங்கிலிலேர்ந்து ஆரம்பிக்காதீங்க, மேற்கு ஆப்பிரிக்காவுல திம்புக்துங்கற ஊர்ல கையெழுத்துப் படி எழுதினவங்க, 1324ல தங்கத்தோட மெக்கா போன மாலி பேரரசர் மன்சா மூசா, அங்கேர்ந்து வாங்க. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்ங்கற விவசாய விஞ்ஞானி பீனட் பட்டர கண்டுபுடிச்சாருன்னு எல்லா சார்ட்லயும் இருக்கும், அது தப்பு, அவரு செஞ்சது அத விட பெருசு, பருத்தி போட்டு போட்டு செத்துப் போன மண்ணுல கடலைய மாத்திப் போட்டு மண்ண மீட்கலாம்னு ஏழை விவசாயிங்களுக்கு சொல்லித் தந்தாரு. நம்ம ஊரு கடலைக்காட்டுக்காரருக்கு இது சட்டுன்னு புரியும். 1962ல ஜான் க்ளென் விண்வெளிக்கு கெளம்பறதுக்கு முன்னாடி, கம்ப்யூட்டர் போட்ட கணக்க நாசாவோட கணக்கு நிபுணர் கேத்தரின் ஜான்சன் கையால சரிபாத்தாதான் போவேன்னு நின்னாருங்கறத சொன்னா கணக்கு புடிக்காத பிள்ளையும் நிமிந்து உக்காரும்.

அந்தப் பொண்ணு போர்டுல எழுதப் போறப்போ தாத்தாவே எந்திரிச்சு பக்கத்துல போய் நின்னாரு. "கறுப்பினத்துக்கு பெரிய ற போடும்மா"ன்னு அவருதான் சொன்னாரு.