எத்தனை மில்லிகிராம் காஃபின் என்று எனர்ஜி டிரிங்க் பாட்டிலே சொல்லட்டும்

யாங்கோனில் என் மருந்துக் கடையில் தலைவலிக்கென்று அதிகம் கேட்டு வாங்கும் மாத்திரை ஒன்றில் பாரசிட்டமால் 500 மில்லிகிராமும் காஃபின் 65 மில்லிகிராமும் இருக்கின்றன. இரண்டையும் எண்ணோடு அட்டையில் அச்சிட்டிருப்பார்கள். நாளுக்கு எத்தனை போடலாம், எந்த வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் பெட்டியில் இருக்கும். எதிர்ச்சாரியில் ஒரு வெற்றிலைக் கடை. அங்கே ஐஸ் பெட்டியில் கிடக்கும் எனர்ஜி டிரிங்க்கிலும் இருப்பது இதே காஃபின்தான். 250 மில்லி ரெட் புல் டின் ஒன்றில் 80 மில்லிகிராம், அதாவது ஒரு மாத்திரையில் இருப்பதைவிட அதிகம். எட்டு வயதுப் பையன் காசை நீட்டினால் அவன் கையிலேயே திறந்து கொடுத்துவிடுகிறார்கள். தெருவின் இந்தப் பக்கம் மருந்தாக இருக்கும் பொருள் அந்தப் பக்கம் போனதும் வெறும் கலர் ஆகிவிடுகிறது. இதற்கு ஒரு வரைமுறை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தடை செய்யச் சொல்லவில்லை. ராத்திரி லாரி ஓட்டுகிறவர், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், கரண்ட் போய்ப் புழுக்கத்தில் தூங்காமல் விடிந்ததும் வேலைக்கு ஓடுகிறவர் என்று இதைக் குடிப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களுடைய களைப்பு நிஜம். ஆனால் காஃபின் அந்தக் களைப்பைப் போக்குவதில்லை. உழைக்க உழைக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேரும், அதுதான் தூக்கத்தைக் கூப்பிடும். காஃபின் போய் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு அப்படியே இருக்கும், நமக்குத்தான் தெரியாது. குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி உடம்பிலேயே இருக்கும். மாலையில் குடித்தவருக்கு இரவில் தூக்கம் வராது, மறுநாள் காலையில் இன்னொரு பாட்டில் கேட்கும்.

மண்டலே சாலையில் லாரி ஓட்டும் அண்ணன் ஒருவர் நெஞ்சு படபடக்கிறது என்று கடைக்கு வந்தார். என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லம்மா. மூணு பாட்டில், அவ்வளவுதான்.”

“டீ?”

“டீ குடிக்காம எப்படி? ரெண்டு.”

தலைவலிக்கு நான் மேலே சொன்ன மாத்திரையும் இரண்டு போட்டிருந்தார். அவர் குடித்தது தாய்லாந்து எனர்ஜி டிரிங்க், சின்ன பாட்டில் ஒன்றுக்குக் காஃபின் 50 மில்லிகிராம் என்று வைத்தால் மூன்றுக்கு 150. மாத்திரையில் 130. கெட்டிப் பால் டீ இரண்டையும் கூட்டினால் 350-ஐத் தாண்டிவிடும். நல்ல உடல்நிலையில் இருக்கும் பெரியவருக்கே நாளுக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை, ஒரே நேரத்தில் 200-க்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்னது. இதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. வயிற்றுப்போக்குக்கு எங்கேயோ சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கிப் போட்டிருந்தார். காஃபினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதியை அந்த மருந்து தடுக்கும். அதனால் குடித்த காஃபின் சீக்கிரம் இறங்காமல் நின்றுவிடும். இங்கே சீட்டில்லாமல் கை நீட்டினாலே கிடைக்கிற மாத்திரை அது. வாயில் எப்போதும் புகையிலை வெற்றிலை வேறு, நிக்கோட்டினும் இதயத் துடிப்பை ஏற்றும். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

அவர் கையில் இருந்த பாட்டிலிலேயே எச்சரிக்கை இருந்தது. நாளுக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் குடிக்கக் கூடாது, நெஞ்சு படபடக்கும், தூக்கம் வராது, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கக் கூடாது என்று. எல்லாம் தாய்லாந்து எழுத்தில். அந்த நாட்டில் சட்டப்படி இதை அச்சிட்டே ஆக வேண்டும். ஒரு பாட்டிலில் காஃபின் 50 மில்லிகிராமைத் தாண்டவும் கூடாது. சரக்கு எல்லை தாண்டி இங்கே வருகிறது, எச்சரிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. பொருளின் விவரம் பர்மிய மொழியில் இருக்க வேண்டும் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. என் கைக்கு வரும் பாட்டில்கள் பலவற்றில் அப்படி ஒரு வரியைக் காணோம்.

காப்பியிலும் இதே அளவு இருக்கிறதே, அதற்கும் சட்டம் போடுவீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, ஒரு கப் காப்பியில் 90 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஆனால் சூடான கசப்புக் காப்பியை யாரும் தாகத்துக்குக் குடிப்பதில்லை. இது ஐஸ் போட்ட சர்க்கரைத் தண்ணீர். 250 மில்லியில் 27 கிராம் சர்க்கரை, ஐந்து ஆறு தேக்கரண்டிக்குச் சமம். பங்குனி வெயிலில் மடமடவென்று இறங்கும். பிள்ளைகள் விரும்பிக் குடிப்பதும் அதனால்தான்.

பிள்ளைகள் கணக்கைப் பெற்றோர் போட்டுப் பார்க்க வேண்டும். எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம்தான் எல்லை. 25 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 75. ஒரு டின்னில் 80. முதல் டின்னிலேயே எல்லை தாண்டிவிடுகிறது. மார்ச் மாதப் பரீட்சைக்குக் கண் விழித்துப் படிக்க அம்மாவே வாங்கிக் கொடுப்பதைப் பார்க்கிறேன். பாசத்தில் கொடுக்கிறார்கள், ஆனால் படித்தது மனதில் தங்குவதற்குத் தூக்கம் வேண்டும். பூக்குழி இறங்க விரதம் இருக்கும் வாலிபர்கள் வெறும் வயிற்றில் இதைக் குடிப்பதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேண்டியது தண்ணீர், இளநீர், எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும். கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்குமே 200 மில்லிகிராம்தான். கடைசி மாதங்களில் அது உடம்பைவிட்டுப் போகப் பல மணி நேரம் கூடுதலாகும்.

மற்ற நாடுகள் செய்திருக்கின்றன. லிதுவேனியா 2014-லும் போலந்து 2024-லும் 18 வயதுக்குக் கீழே விற்பதை நிறுத்தின. இந்தியாவில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று உச்சவரம்பு உண்டு. எனக்கு லிட்டர் கணக்கைவிட தாய்லாந்தின் பாட்டில் கணக்கே பிடிக்கிறது. திறந்த டின்னில் யாரும் பாதியை மிச்சம் வைப்பதில்லை, பெரிய டின் வாங்கினால் இரட்டிப்பு உள்ளே போய்விடும். இங்கேயும் ஒரு பாட்டிலுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பும், அந்த எண் பர்மிய எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் அளவில் முன்பக்கத்திலும் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்பது நிற்க வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். நம்மவர்களில் பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள் பலர். யூனிஃபார்மோடு வரும் பிள்ளைக்கு இதைக் கொடுக்காமல் இருக்க யார் உத்தரவும் தேவையில்லை. தினமும் குடித்துப் பழகியவர்கள் ஒரேயடியாக விட வேண்டாம், மறுநாளே தலை வெடிக்கும். அந்த வலிக்குக் காஃபின் கலந்த மாத்திரையை வாங்கிப் போட்டால் பழையபடி ஆகிவிடும், காஃபின் இல்லாத பாரசிட்டமாலைக் கேட்டு வாங்குங்கள். குடிக்கும் அளவை ஓரிரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள். குடித்த பிறகு நெஞ்சு வலித்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடினாலோ, மயக்கமோ வலிப்போ வந்தாலோ மருந்துக் கடைக்கு வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காலிப் பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.