ஆவிதானே என்று அலட்சியமா?

"டாக்டர், கொதிக்கிற தண்ணீர் மேலே படவே இல்லை. வெறும் ஆவிதான் அடித்தது."

தீக்காயப் பிரிவில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் இந்த வாக்கியத்தை ஒப்பிப்பார்கள். சொல்பவர் முன்கையை நீட்டிக்கொண்டே சொல்வார். தோல் வெளுத்து உரிந்திருக்கும், சில இடங்களில் தொட்டால் உணர்ச்சியே இருக்காது. வலி குறைவாக இருப்பதால் காயமும் குறைவு என்று அவருக்கு நினைப்பு. ஆழமான காயத்தில் நரம்பு முனைகளும் சேர்ந்து வெந்துபோகும், அதனால்தான் வலி தெரிவதில்லை என்பதை நாங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்வார். அண்மையில் அப்படி இன்னொருவர் வந்தார். காயம் முந்தைய நாள் பட்டது. ஆவிதானே, தானாக ஆறிவிடும் என்று இரவு முழுக்கக் காத்திருந்திருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. அவரிடம் காட்டவில்லை. இங்கே காட்டுகிறேன்.

திண்மத்துக்கு வடிவமும் உண்டு, பருமனும் உண்டு. திரவத்துக்குப் பருமன் உண்டு, வடிவம் மட்டும் பாத்திரத்தைப் பொறுத்தது. வாயுவுக்கு இரண்டும் இல்லை. பள்ளியில் எல்லோரும் இதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள்தான். அந்தப் பாடத்திலேயே அடுத்து வரும் பகுதியைத்தான் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் பொருள் மாறும்போது வெப்பத்தை வாங்கும், அல்லது கொடுக்கும். அந்த நேரத்தில் வெப்பமானி அசையவே அசையாது. தீக்காயப் பிரிவுக்கு ஆள் அனுப்புவது பெரும்பாலும் மறந்துபோன இந்தப் பகுதிதான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க 100 கலோரி வேண்டும். 100 டிகிரியைத் தொட்டதும் கொதிக்கத் தொடங்கும். அதன் பிறகு எவ்வளவு நெருப்பை வைத்தாலும், திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை ஏறாது. ஆனால் அந்த ஒரு கிராம் முழுவதும் ஆவியாவதற்கு இன்னும் ஏறக்குறைய 540 கலோரியை உறிஞ்சிக்கொள்ளும். அதைத்தான் உள்ளுறை வெப்பம் என்கிறோம். அது கடன். ஆவி குளிர்ந்து மீண்டும் தண்ணீராகும் இடத்தில் அந்த 540 கலோரியும் பைசா பாக்கியில்லாமல் திரும்பி வரும். ஆவி உங்கள் தோலில் குளிர்ந்தால் வசூல் தோலில்தான்.

கொதிநீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் வெப்பநிலையான 37 டிகிரிக்கு இறங்கும்போது 63 கலோரி கொடுக்கிறது. அதே ஒரு கிராம் ஆவி முதலில் 540 கலோரியைக் கொடுத்துத் தண்ணீராகிறது, பிறகு அந்தத் தண்ணீர் தன் பங்குக்கு 63 கலோரி கொடுக்கிறது. ஆக 603. கிராமுக்குக் கிராம் பார்த்தால் பத்து மடங்கை நெருங்குகிறது. இரண்டும் 100 டிகிரிதான். வெப்பமானியை நம்பி "ரெண்டும் ஒரே சூடுதானே" என்று சொல்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கிராம் ஆவி ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான இடத்தை அடைத்துக்கொள்ளும். அவ்வளவு பரவிக் கிடப்பதால் தூரத்தில் நின்றால் அதனால் ஒரு தீங்கும் இல்லை. அடைபட்ட ஆவி ஒரே இடத்திலிருந்து வேகமாகப் பாய்ந்து வரும்போதுதான் ஆபத்து. மூடியைத் திறக்கும்போது, குக்கரின் வெயிட்டைத் தூக்கும்போது, கெண்டியின் மூக்குக்கு அருகே கை போகும்போது அது நடக்கிறது. வாயுவுக்கு வடிவம் கிடையாது என்று படித்தோமே, அதனால் சட்டைக் கைக்குள்ளும் கையுறைக்குள்ளும் நுழைந்துவிடும். உள்ளே போய்க் குளிர்ந்து துணியை நனைக்கும். சூடான ஈரத்துணி தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இது வெறுங்கையில் பட்டதைவிட மோசம்.

இன்னொரு தவறான எண்ணம் என்னை உண்மையிலேயே சோதிக்கிறது. வெள்ளையாகப் புகைபோலத் தெரிவதுதான் நீராவி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நீராவி கண்ணுக்குத் தெரியாது. ஆவி காற்றில் கலந்து குளிர்ந்து, மிக நுண்ணிய நீர்த்துளிகளாக மாறிய பிறகே அந்த வெண்மை தெரிகிறது. அதாவது நீங்கள் பார்ப்பது ஏற்கெனவே திரவம், கடனில் பெரும்பகுதியைக் காற்றிடம் கட்டிவிட்டு வந்த திரவம். கெண்டி கொதிக்கும்போது கவனித்துப் பாருங்கள். மூக்கின் விளிம்பை ஒட்டிக் கொஞ்ச தூரம் ஒன்றுமே தெரியாது, அதற்கு அப்பால்தான் வெள்ளை தொடங்கும். ஒன்றும் தெரியாத அந்த இடைவெளியில்தான் ஆவி இருக்கிறது. வெள்ளைப் புகையில் கையை வைத்து, வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று தைரியம் வந்து, பிறகு அந்த இடைவெளிக்குள் கையை விடுகிறார்கள். தொழிற்சாலைக் கொதிகலன்களில் அதிக அழுத்த ஆவிக் கசிவைத் தேடப் போகிறவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. சத்தம் கேட்கும், ஆனால் கசிவு கண்ணுக்குத் தெரியாது.

இந்த விஷயம் கண்டுபிடிக்கப்பட்டது இன்று நேற்றல்ல. 1760-களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் பிளாக் உள்ளுறை வெப்பத்தை அளந்தார். அங்கேயே கருவிகள் செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட், கொஞ்சம் ஆவி தன் எடையைப்போல ஆறு மடங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவருவதைக் கண்டு திகைத்துப்போய் பிளாக்கிடம் விளக்கம் கேட்டார். இருநூற்றைம்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. நாம் இன்னும் "ஆவிதானே" என்கிறோம்.

வெப்பநிலையை மட்டும் பார்த்தால் எப்படி ஏமாறுவோம் என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 180 டிகிரியில் இருக்கும் ஓவனுக்குள் ஒரு நொடி கை போனால் உள்ளே இருக்கும் காற்று உங்களை ஒன்றும் செய்யாது. காற்று அடர்த்தி குறைந்த வாயு, அதனிடம் கொடுப்பதற்கு வெப்பம் அதிகம் இல்லை. அதே ஓவனின் உலோகத் தட்டைத் தொட்டால் அந்தக் கணமே பொசுங்கும். மறுபக்கம், வெறும் 60 டிகிரித் தண்ணீர் ஐந்து நொடியில் பெரியவரின் தோலை ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, அதற்கு அவ்வளவு நேரமும் தேவையில்லை.

இப்போது சளிக்கு ஆவி பிடிப்பதற்கு வருகிறேன். இதைப் பரிந்துரைக்கும் மருத்துவ நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வாருங்கள். சளியை ஆவி குணப்படுத்துகிறது என்பதற்கு இதுவரை நடந்த மருத்துவ ஆய்வுகளில் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. சற்று நேரம் மூக்கு இளகியதுபோல ஒரு சுகம், அவ்வளவுதான். இங்கே பெரும்பாலான காயங்களை உண்டாக்குவது ஆவிகூட இல்லை, கவிழ்ந்த பாத்திரத்துக் கொதிநீர். ஆவி தீங்கற்றது, மருந்து என்ற நம்பிக்கைதான் கொதிக்கும் பாத்திரத்தைக் குழந்தையின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து வைக்கிறது. மேலே போர்வை, உள்ளே இருட்டு, மூச்சுத் திணறும் குழந்தை ஒரு உதறு உதறினால் தண்ணீர் முழுவதும் மடியில். தொடை, அடிவயிறு, பிறப்புறுப்பு. தோல் ஒட்டு அறுவை, மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங், வளரவளர இழுத்துப் பிடிக்கும் தழும்பு. ஒரு வாரம், பத்து நாளில் தானாகப் போகிற சளிக்காக. குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பெரியவர்கள் விட முடியாது என்றால் பாத்திரத்தை மடியில் வைக்காதீர்கள், அடுப்பிலிருந்து இறக்கிய உடனே குனியாதீர்கள், போர்வை போர்த்தாதீர்கள்.

குக்கரைப் பற்றிச் சுருக்கமாக. உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். அழுத்தம் அடங்கும் முன் மூடியைப் பலவந்தமாகத் திறந்தால் அந்தத் தண்ணீரின் ஒரு பகுதி அந்த நொடியே ஆவியாகி, மிச்சத்தையும் அள்ளிக்கொண்டு முகத்துக்கு வரும். அவசரம் என்றால் வேறு ஏதாவது சாப்பிடுங்கள்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றுவதும் இதே கதைதான், இன்னும் கொடூரமானது. தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தியானதால் அடியில் போய்விடும். தீப்பற்றிய எண்ணெய் முந்நூறு டிகிரிக்கு மேல் இருக்கும். அடியில் போன தண்ணீர் ஏறக்குறைய 1,700 மடங்காக விரிந்து ஆவியாகி, எரியும் எண்ணெயைத் துளித்துளியாகச் சிதறடிக்கும். அடுப்பை அணையுங்கள், பொருந்தும் மூடியால் மூடுங்கள், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பாதி வழியில் கீழே போட்டவர்களைத்தான் நான் பார்க்கிறேன்.

எரியும் திரவங்களிலும் நிலை மாற்றம்தான் விஷயம். எரிவது பெட்ரோல் அல்ல, அதன் மேல் எழும் ஆவி. உறைபனிக் குளிரிலும் பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். எங்கோ இருக்கும் நெருப்பைத் தொட்டுத் திரும்பி வரும். "தூரத்தில்தான் டாக்டர் இருந்தது" என்பார்கள். சமையல் எரிவாயுவும் அப்படித்தான். சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது வெளியே வந்தால் 250 மடங்குக்கும் மேல் விரிந்து, காற்றைவிடக் கனமாகத் தாழ்வான மூலைகளில் தங்கும். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. சிலிண்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். சானிடைசர் தடவிய கையோடு நெருப்புப் பக்கம் போகாதீர்கள். ஆல்கஹால் எரியும் சுடர் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது, கை எரிவது வலித்த பிறகே புரியும்.

குளிர்ப் பக்கம் இப்போது ஒரு மோகம் வந்திருக்கிறது. விழாக்களில் ட்ரை ஐஸ், கோப்பையில் புகையும் திரவ நைட்ரஜன். ட்ரை ஐஸ் என்பது திண்மக் கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. சாதாரண அழுத்தத்தில் உருகாது, நேராக வாயுவாகப் பதங்கமாகும். ஒரு கிலோ, ஐந்நூறு லிட்டருக்கும் மேல் வாயுவாகும். மூடி இறுக்கிய பாட்டிலில் போட்டால் வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காரில் வைத்து ஓட்டினால் ஓட்டுபவர் மயங்குவார். திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி, வாயுவாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். அது வயிற்றுக்குள் நடந்தால் என்னவாகும் என்பதற்கு 2012-ல் இங்கிலாந்தில் இரைப்பையையே அகற்ற வேண்டிவந்த ஒரு பதினெட்டு வயதுப் பெண் சாட்சி. புகை முழுவதும் அடங்கும் வரை எந்தக் கோப்பையையும் வாயில் வைக்காதீர்கள். முடிந்தால் அப்படிப்பட்ட பானமே வேண்டாம்.

உருகிய மெழுகும் பிளாஸ்டிக்கும் தாரும் தோலில் விழுந்தால் அங்கேயே உறைந்து, உறையும்போதும் வெப்பத்தைக் கொடுக்கும். உரித்தெடுக்காதீர்கள், தோலும் கூடவே வந்துவிடும். ஒட்டியபடியே தண்ணீரில் குளிர்வித்து அழைத்து வாருங்கள், எடுப்பது எங்கள் வேலை.

எந்தச் சூட்டுக் காயமானாலும் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். ஐந்து நிமிடம் போதாது. தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் செய்தால்கூடப் பயன் உண்டு. மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்கும் முன் கழற்றுங்கள். தோலில் ஒட்டாத ஈரத்துணியை அகற்றிவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு உடல் முழுக்கக் குளிர்ந்துவிடாமல் காயத்தில் மட்டும் தண்ணீர் விடுங்கள், மற்ற இடத்தைப் போர்த்துங்கள். ஐஸ் வைக்கவே கூடாது. ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது 80 கலோரியைத் தோலிலிருந்து உறிஞ்சும். வெந்த தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கி, பிழைக்க வேண்டிய திசுவும் செத்துவிடும். பற்பசை, மை, வெண்ணெய், முட்டை எல்லாவற்றையும் நாங்கள்தான் சுரண்டி எடுக்கிறோம், அதுவும் நோயாளி அலறும்போது. சுத்தமான துணியால் தளர்வாக மூடிக் கொண்டுவந்தால் போதும்.

முகத்தில் ஆவி அடித்திருந்தால் தோலைவிடத் தொண்டையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உலர்ந்த சூடான காற்றை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் குளிர்வித்துவிடும், ஆவியை அப்படித் தடுக்க முடியாது. அது குரல்வளையைத் தாண்டிப் போய்க் குளிரும். வீக்கம் உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துக் கூடும். குரல் கம்மினாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிந்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ விடியட்டும் என்று பார்க்காதீர்கள். மூச்சுக்குழாய் அடைவதற்குள் குழாய் செருக வேண்டும், அதற்கு நேரம் கொடுத்து வந்து சேருங்கள்.