ஜேட் அல்ல, ஆனைப்பசலை

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு தொட்டிச் செடி இருக்கிறது. சிவந்த தண்டு, கட்டைவிரல் நகம் அளவுக்கு உருண்டு தடித்த இலைகள், இரண்டிரண்டாக எதிரெதிரே. நர்சரிக்காரர் "ஜேட் செடி, வீட்டுக்கு ராசி" என்று சொல்லித்தான் கொடுத்தார். நானும் வருபவர்களிடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இது ஜேட் இல்லை. நம் ஊரில் ஜேட் என்று விற்கப்படும் செடிகளில் பல, 'போர்ட்டுலக்கேரியா ஆஃப்ரா' என்ற இந்தத் தென்னாப்பிரிக்கப் புதர்தான்.

உண்மையான ஜேட் 'கிராசுலா ஓவேட்டா'. அதுவும் தென்னாப்பிரிக்காதான், ஆனால் வேறு குடும்பம். இலை பெரியது, தண்டு பருத்தது, சிவப்பு ஏறாத சாம்பல் பச்சை. ஜேட் என்ற சொல்லே ஒரு பச்சைக் கல்லின் பெயர். இந்தக் கல்லை இடுப்பில் வைத்தால் விலா வலி, சிறுநீரக வலி தீரும் என்று நம்பிய ஸ்பானியர்கள் அதை 'பியேத்ரா தே இஹாதா', அதாவது விலாப்பக்கக் கல் என்றார்கள். அது பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து ஜேட் ஆனது. கல்லின் பெயர் கிராசுலாவுக்குப் போய், அதிலிருந்து உருவ ஒற்றுமையால் நம் தொட்டிச் செடிக்கு வந்திருக்கிறது. இரவல் வாங்கிய பெயரை மறுபடி இரவல் கொடுத்த கதை.

சரி, இதன் சொந்தப் பெயர்தான் என்ன? பிறந்த மண்ணில் பல பெயர்கள். ஹோசா மொழியில் இக்வானிஷே, ஜூலு மொழியில் இசிடொண்ட்வானே. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'ஸ்பெக்பூம்'. தென்னாப்பிரிக்காவில் எல்லோர் வாயிலும் புழங்குவது இந்தப் பெயர்தான். 'ஸ்பெக்' என்றால் பன்றிக் கொழுப்பு, 'பூம்' என்றால் மரம். இலையின் தடித்த, வழுவழுப்பான சதையைப் பார்த்து வைத்த பெயர். அதே மொழியில் இன்னொரு பெயரும் உண்டு: 'ஒலிஃபான்ட்ஸ்கோஸ்', யானையின் உணவு. எனக்கு இந்தப் பெயர்தான் பிடித்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

தாவரவியல் பெயரை 1787இல் வைத்தவர் வியன்னாவில் இருந்த நிக்கோலஸ் யாக்வின். 'போர்ட்டுலக்கா' என்பது நம் பருப்புக்கீரையின் பேரினம். கோழிப்பசலை என்பதும் அதுவே. வீட்டு வாசலில் வளர்க்கும் பத்துமணிப்பூவும் அந்த இனம்தான். லத்தீனில் 'போர்ட்டுலா' என்றால் சின்னக் கதவு. அந்தக் கீரையின் விதைப்பை பழுத்ததும் மேல்மூடி கழன்று திறக்கும், அதனால்தான் இந்தப் பெயர் என்று சொல்வார்கள். 'ஏரியா' விகுதி சேர்ந்தால் 'பசலையைப் போன்றது' என்று பொருள். பின்னால் வரும் 'ஆஃப்ரா'வுக்கு 'ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது' என்று பொருள். ரோமானியர்கள் அந்தச் சொல்லால் குறித்தது கார்த்தேஜ் நகரைச் சுற்றியிருந்த வட ஆப்பிரிக்க மக்களை. செடியோ கண்டத்தின் தெற்கு முனையில்.

இதில் ஒரு சிக்கல். பசலையைப் போன்றது என்று பெயர் வைத்தாலும், இதன் காயில் கதவு கிடையாது. மூன்று சிறகுள்ள, இளஞ்சிவப்பான, ஒற்றை விதைக் காய் அது. காற்றில் பறந்துபோகும். முன்பு இதைப் பசலைக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, மடகாஸ்கரின் முட்காடுகளில் வளரும் 'டிடியரியேசியே' குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இது வளரும் இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் பெயரின் அருமை புரியும். தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப் மாகாணத்துப் பாறைச் சரிவுகள்தான் இதன் தலைமையிடம். அங்கிருந்து மேற்கே சிறு கரூ வறள்நிலம் வரைக்கும், வடக்கே குவாசூலு நட்டால், எஸ்வாட்டினி, மொசாம்பிக் வரைக்கும் உண்டு. கிழக்கு கேப்பில் இது தனிச் செடியாக நிற்பதில்லை. ஆள் நுழைய முடியாத அடர்ந்த புதர்க்காடாக, இரண்டு முதல் நான்கு மீட்டர் உயரத்துக்கு மலைச்சரிவையே மூடியிருக்கும். மழை குறைவு, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. வறட்சியைத் தாங்கும் இந்தச் செடிக்கு உறைபனிதான் ஆகாது. அதனால் குளிர் தேங்கும் பள்ளத்தாக்கின் அடியை விட்டுவிட்டுச் சரிவில் ஏறி நிற்கிறது. மழைக்குப் பிறகு சின்னச் சின்ன நட்சத்திரமாக, ஐந்திதழ் இளஞ்சிவப்புப் பூக்கள் பூத்தால் தேனீக்களுக்குக் கொண்டாட்டம்.

வறட்சியை எப்படிச் சமாளிக்கிறது? அதை நாக்கிலேயே தெரிந்துகொள்ளலாம். பத்து நாள் தண்ணீர் ஊற்றாமல் விட்டு, விடிகாலையில் ஓர் இலையைக் கிள்ளி மென்று பார்த்தேன். புளிச்சக்கீரை மாதிரி நல்ல புளிப்பு. அன்றைக்கே சாயங்காலம் அதே கிளையில் இன்னோர் இலை. புளிப்பு பெரும்பாலும் போய், வெள்ளரிக்காய் மாதிரி சப்பென்று இருந்தது. (மருந்து தெளிக்காத செடியா, இந்தச் செடிதானா என்று உறுதி செய்துகொள்ளாமல் யாரும் வாயில் வைக்க வேண்டாம்.) வெயிலில் இலைத்துளையைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிவிடும். அதனால் வறட்சிக் காலத்தில் இது இராத்திரியில் துளையைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி, மாலிக் அமிலமாக இலைக்குள் சேர்த்து வைக்கிறது. காலையில் நாக்கில் தட்டுவது அந்த அமிலம்தான். பகலில் துளையை மூடிக்கொண்டு, சேர்த்ததைச் செலவழித்து உணவு தயாரிக்கிறது. மழை பெய்துவிட்டால் மற்ற செடிகளைப் போலப் பகலிலேயே மூச்சு வாங்கும். இப்படி நிலைமைக்குத் தகுந்தபடி இரண்டு வழிக்கும் மாறத் தெரிந்த செடிகள் கொஞ்சம்தான்.

இப்போது யானைக்கு வருவோம். கிழக்கு கேப்பில் ஆடோ (Addo) யானைப் பூங்கா 1931இல் தொடங்கியபோது அங்கே மிஞ்சியிருந்தவை 11 யானைகள். இன்று அறுநூறுக்கும் மேல். அவற்றின் முக்கியமான தீனி இந்தச் செடி. யானை மேலிருந்து ஒடித்துத் தின்னும். வாயிலிருந்து சிந்திய கிளைத்துண்டு மண்ணில் கிடந்தால் வேர்விட்டுவிடும். அடிக்கிளைகள் பாவாடை விரித்த மாதிரி தரையைத் தொட்டுக்கொண்டு, அங்கங்கே வேர் பிடித்துப் பரவும். அந்தப் பாவாடைக்குள் மண் குளிர்ந்து, சருகு மக்கி, மற்ற விதைகளும் முளைக்கும். யானை தின்னத் தின்னக் காடு பெருகும் என்றே சொல்லலாம்.

ஆடு அப்படியில்லை. மோஹேர் உரோமத்துக்காக வளர்த்த அங்கோரா ஆடுகள் கீழிருந்து மேய்ந்து, முதலில் அந்தப் பாவாடையைத்தான் அழித்தன. நிழல் போனதும் மண் காய்ந்தது, செடி குடைபோல ஒற்றைக்காலில் நின்று ஒருநாள் சாய்ந்தது. பத்து லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இப்படிச் சீரழிந்திருக்கிறது. 2004 முதல் கிளைகளை வெட்டி நேரடியாக மண்ணில் ஊன்றி மீட்கும் வேலை நடக்கிறது. அமேசான் காட்டைவிடப் பத்து மடங்கு கரியமில வாயுவை உறிஞ்சும் என்று இணையத்தில் சுற்றும் படங்களை நம்ப வேண்டாம், அது மிகை. ஆனால் பாழ்பட்ட அந்தச் சரிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமான செடி வேறில்லை.

அப்படியானால் தமிழில் என்ன சொல்வது? 'பன்றிக்கொழுப்பு மரம்' என்று சொல்லுக்குச் சொல் மாற்றினால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். 'யானைப் புதர்' என்றால் யானை ஒளிந்திருக்கும் புதர் என்று நினைத்துவிடுவார்கள். நான் 'ஆனைப்பசலை' என்கிறேன். தமிழில் செடிப் பெயருக்கு முன்னால் ஆனை சேர்ந்தால் 'பெரிய வகை' என்று பொருள்: ஆனைநெருஞ்சி, ஆனைத்திப்பிலி, ஆனைக்கற்றாழை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெருக்கமரத்தை, அதன் புளிப்புக் காயைச் சுவைத்த நம் ஆட்கள் ஆனைப்புளி என்றார்களே, அதே வழிதான் இதுவும். யாக்வின் கண்ட பசலைச் சாயல், இலையின் கீரைப் புளிப்பு, பெரிய உருவம் எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. நிஜமாகவே யானை தின்னும் பசலை என்ற பொருளும் சேர்ந்துகொள்கிறது. குடும்பம் மாறிவிட்டதே என்று கேட்கலாம். கொடிப்பசலையும் பருப்புக்கீரையும்கூட வேறு வேறு குடும்பம்தான். பசலை என்பது நமக்குச் சதையுள்ள பசுங்கீரையின் பெயர், வகைப்பாட்டு எல்லை அல்ல.

இதை விவரிக்கும்போது வரும் 'செமி சக்குலன்ட்' என்பதற்கும் ஒரு சொல் வேண்டும். சக்குலன்ட்டின் வேர் லத்தீனில் சாற்றைக் குறிக்கும் 'சூக்குஸ்'. நம் பாடநூல்கள் சாற்றை விட்டுச் சதையைப் பிடித்து 'சதைப்பற்றுள்ள தாவரம்' என்கின்றன. அது பழகிவிட்டது, மாற்றத் தேவையில்லை. ஆனைப்பசலையில் இலையும் இளந்தண்டும் நீர் கட்டிச் சதைத்திருக்கும், முதிர்ந்த அடிமரம் மட்டும் நாரோடிக் கட்டையாகிவிடும். கள்ளிபோல உடம்பு முழுக்கச் சதை இல்லை என்பதால், 'அரைச் சதைப்பற்றுள்ள புதர்' என்று எழுதினால் போதும். 'பகுதிச் சதைப்பற்று' என்றும் சிலர் எழுதக்கூடும், பிழையில்லை. ஆனால் அரைவேக்காடு, அரைத்தூக்கம் என்று புழங்கும் நமக்கு 'அரை'தான் சட்டென்று விளங்கும்.