பிராசசர் வாங்குமுன் மதர்போர்டின் பெயரைப் படியுங்கள்

இன்டெல்லா, ஏஎம்டியா? கம்ப்யூட்டரை அப்கிரேடு செய்யும் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. இரண்டு பிராசசர்களின் விலையையும் வேகத்தையும் ஒப்பிட்டு ஒன்றை முடிவு செய்துவிடுகிறார்கள். அதற்குப் பொருந்துகிற மலிவான மதர்போர்டை (பிராசசரும் மற்ற பாகங்களும் மாட்டப்படும் பலகை) கடைசியில் தேடுகிறார்கள். ஆன் ஆகாத புது கம்ப்யூட்டர், சுமை ஏறியதும் வேகம் இறங்கிவிடும் கம்ப்யூட்டர் என்று பழுதுபார்க்க வருபவற்றில் பிராசசரே கெட்டுப்போயிருப்பது அரிது. கோளாறு அந்தக் கடைசி நேரத் தேர்வில்தான் இருக்கும்.

முதலில், பிராசசரை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். கேம் ஆடுபவர்களுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ரெசல்யூஷனையும் கிராபிக்ஸ் அமைப்புகளையும் நன்றாகக் குறைத்துவிட்டு ஃபிரேம் எண்ணிக்கையைப் பாருங்கள். எண்ணிக்கை ஏறினால் திணறுவது கிராபிக்ஸ் கார்டு. ஏறாமல் அதே இடத்தில் நின்றால் பிராசசர்தான் இழுத்துப் பிடிக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 30 சதவீதம் என்று காட்டுவதை நம்பி ஏமாறாதீர்கள். பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் எட்டு கோர்களில் ஒன்றிரண்டு மூச்சுமுட்ட ஓடினாலும் மொத்தக் கணக்கு குறைவாகத்தான் தெரியும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால், கடைக்குப் போகுமுன் இப்போதிருக்கும் மதர்போர்டின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, எம்எஸ்இன்ஃபோ32 (msinfo32) என்று ஆங்கிலத்தில் தட்டினால் போர்டின் மாடலும், பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) பதிப்பும் தெரியும். அந்த மாடலுக்கான தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில், எந்தெந்த பிராசசர்கள் பொருந்தும், ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்சம் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். அப்கிரேடில் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இந்தப் பட்டியலில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு: பி450 போர்டில் ரைசன் 5 2600 ஓடிக்கொண்டிருக்கிறது. பிராசசர் அமரும் இந்த ஏஎம்4 சாக்கெட்டிலேயே 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி வரை போகலாம். 5800எக்ஸில் 32 எம்பியாக இருக்கும் எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) இவற்றில் 96 எம்பி. கேம்களில் அந்த வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். போர்டு, டிடிஆர்4 ராம், கூலர் எதையும் மாற்ற வேண்டாம் (கூலர் இந்த வெப்பத்தைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்). போட்டி நிறுவனத்தின் புது பிராசசருக்குப் போனால் போர்டும், பெரும்பாலும் ராமும் சேர்த்து வாங்க வேண்டிவரும். ஒப்பிட வேண்டியது இந்த மொத்தச் செலவை.

இந்த வழியில் போகிறவர்கள் அடிக்கடி தவறுவது ஒரே இடத்தில். புது பிராசசரை மாட்டியபின் பயாஸை அப்டேட் செய்யலாம் என்று நினைக்கிறார்கள். பழைய பயாஸுக்குப் புது பிராசசரை அடையாளம் தெரியாது, திரையே வராது. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே அப்டேட் செய்துவிட வேண்டும். புதிதாக வாங்கும் போர்டிலும் இதே சிக்கல் வரும். பி660 போர்டில் 14ஆம் தலைமுறை இன்டெல் கோர் பிராசசரையோ, பி650 போர்டில் ரைசன் 9000 வரிசையையோ மாட்டினால், போர்டு எப்போது தயாரானது என்பதைப் பொறுத்து ஓடலாம், ஓடாமலும் போகலாம். ஆகவே பின்பக்கத்தில் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டைத் தேடி வாங்குங்கள். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் புது பயாஸ் கோப்பைப் போட்டு, கையேடு சொல்லும் பெயரை அதற்கு வைத்து, அதற்கென்று குறிக்கப்பட்ட யுஎஸ்பி துளையில் செருகி பட்டனை அழுத்தினால் போதும். பிராசசர் இல்லாமலே வேலை முடியும். 24 முள், 8 முள் மின் இணைப்புகள் இரண்டும் மாட்டியிருக்கட்டும். விளக்கு சிமிட்டி முடியும்வரை மின்சாரம் போகக்கூடாது.

முழுக்கப் புதிதாக வாங்குவோருக்கு இன்றைய சாக்கெட்டுகளின் நிலை இது. இன்டெல்லின் எல்ஜிஏ1700, 2021இல் வந்தது. கோர் 12, 13, 14 தலைமுறைகளோடு அதன் ஓட்டம் முடிந்துவிட்டது எனலாம். ஆனால் டிடிஆர்4 ஏற்கும் போர்டுகள் இதில் உண்டு; கையில் நல்ல டிடிஆர்4 ராம் இருப்பவருக்கு அது லாபம். இன்டெல்லின் எல்ஜிஏ1851, 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 வரிசையோடு வந்தது. ஏஎம்டியின் ஏஎம்5, 2022இல் வந்தது. இவை இரண்டிலும் அடுத்த தலைமுறை ராமான டிடிஆர்5 மட்டுமே. ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையும் அதற்கு அப்பாலும் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. மூன்று நான்கு ஆண்டுகளில் பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ள விரும்புகிறவருக்கு என் பரிந்துரை ஏஎம்5தான்.

வீடியோ எடிட்டிங்கில் இந்தக் கணக்கு மாறும். கேமராக்கள் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 எச்இவிசி (நிற விவரம் மிகுந்த, சுருக்கப்பட்ட) வீடியோவை இன்டெல்லின் குயிக் சிங்க் என்ற வசதி வன்பொருளிலேயே விரித்துவிடும். டைம்லைன் தடங்கலின்றி ஓடும். அந்த வசதி பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் இருக்கிறது. கொஞ்சம் மலிவு என்று பெயர் எஃப் எழுத்தில் முடியும் மாடலை வாங்கினால், எதற்காக இன்டெல்லைத் தேர்ந்தீர்களோ அதுவே இல்லாமல் போகும்.

13, 14ஆம் தலைமுறை இன்டெல்லைப் பழையதாக வாங்குவோர் கூடுதல் கவனமாக இருங்கள். வோல்டேஜ் மிகுதியால் அவற்றில் சில சிதைந்து நிலைகுலைந்தன. இன்டெல் 2024இல் 0x129, 0x12பி என்ற மைக்ரோகோடு (பிராசசரின் உள் இயக்கக் குறிமுறை) திருத்தங்களை பயாஸ் வழியே வெளியிட்டது. அவை மேற்கொண்டு சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே நேர்ந்ததைச் சரிசெய்யாது.

அடுத்தது மின்சாரம். பெட்டியில் 65 வாட் என்று போட்ட ஏஎம்டி பிராசசர் சுமையில் 88 வாட் வரை இழுக்கும். 105 என்பது 142. 170 என்பது 230. இன்டெல்லில் 125 வாட் என்று அச்சிட்ட ஐ5 13600கே 181 வாட்டும், ஐ7 13700கே 253 வாட்டும் வரை போகும். இதைத் தாங்க வேண்டியது சாக்கெட்டைச் சுற்றியிருக்கும், பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கிக் கொடுக்கும் விஆர்எம் பகுதி. மலிவான எச்610 போர்டுகள் பலவற்றில் அதன்மேல் வெப்பத்தைக் கடத்தும் உலோகத் தகடு (ஹீட்சிங்க்) கூட இருக்காது. அப்படிப்பட்ட போர்டில் ஐ7 போட்டால் ஓடத்தான் செய்யும். ஆனால் ரெண்டரிங் தொடங்கிய சில நிமிடங்களில் விஆர்எம் சூடேறி, போர்டு பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துவிடும். பிராசசருக்கு முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் சோதனையை 10 நிமிடம் ஓடவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளில் கிளாக் வேகத்தைக் கவனியுங்கள். பிராசசரின் வெப்பம் மிதமாக இருந்தும் வேகம் படிப்படியாகச் சரிந்தால் போர்டைச் சந்தேகியுங்கள்.

ராமை இரண்டு ஸ்டிக்காக வாங்குங்கள். ஏஎம்5இல் நான்கு மாட்டினால், அதிகாரபூர்வ வேகம் 3600 வரை இறங்கிவிடும். பிராசசர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் மாட்டி, ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி அமைப்பை பயாஸில் ஆன் செய்யுங்கள். செய்யாவிட்டால் 6000 வேக ராம் 4800 போன்ற குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

மாட்டும்போது கை பதறக்கூடாது. எல்ஜிஏ1700, ஏஎம்5 சாக்கெட்டுகளில் மயிரிழை போன்ற முட்கள் போர்டில்தான் இருக்கின்றன. பிராசசரின் மூலையிலுள்ள முக்கோணத்தையும் விளிம்பு வெட்டுகளையும் சாக்கெட்டோடு பொருத்தி, நேர் மேலிருந்து மெல்ல வையுங்கள். அழுத்த வேண்டாம், நகர்த்த வேண்டாம். நெம்புகோலை இறக்கும்போது கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் தெறித்து வரும். அதைப் பத்திரப்படுத்துங்கள், வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது வேண்டும். ஒரு முள் வளைந்தாலும் போதும், 32 ஜிபி மாட்டிய இடத்தில் 16 மட்டுமே தெரியலாம். ஏஎம்4இல் முட்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. பிராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசிய பேஸ்ட் குளிர்ந்து இறுகியிருக்கும்போது கூலரை நேராக இழுத்தால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். 10 நிமிடம் சுமையில் ஓட்டிச் சூடாக்கி, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கூலரை இடவலமாகத் திருகித் திருகித் தூக்குங்கள்.

போர்டு மாறினால் அதோடு, பூட்டுச் சாவிகளைக் காக்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு அமைப்பும் மாறுகிறது. விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டிய டிஸ்க் அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். முதல் திருகைக் கழற்றுமுன் அந்த எண்ணை வேறிடத்தில் எழுதி வையுங்கள். விண்டோஸ் உரிமத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டி முதன்முறை ஆன் செய்யும்போது, டிடிஆர்5 போர்டுகள் ராமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை இருண்டிருக்கும், விசிறிகள் மட்டும் சுழலும். அந்த நேரத்தில் பவர் பட்டனைத் தொடாதீர்கள்.